நாளைய நிகழ்ச்சி, இன்றைய பணம்

(நிகழ்ச்சித் தொழில் கற்றுத்தரும் வணிகப் பாடங்கள் குறித்து ஒரு கல்லூரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் ஒரு பெருந்தொழில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடத் தொடங்குகிறது. மண்டபக்காரர், பந்தல் போடுபவர், சமையல் மாஸ்டர், சவுண்ட் சர்வீஸ்காரர், பாத்திர வாடகைக் கடைக்காரர், மேடை அலங்காரம் செய்பவர், வீடியோ எடுப்பவர், ஜெனரேட்டர் வண்டியோடு வருபவர் என்று ஒரு கல்யாணத்தின் பின்னால் பல தொழில்கள் வரிசையாக நிற்கின்றன. முகூர்த்த நாளில் எல்லாருக்கும் வேலை. ஆடியிலும் மார்கழியிலும் எல்லாருக்கும் ஓய்வு. ஆனால் கிடங்கு வாடகைக்கும் வங்கித் தவணைக்கும் ஆடி, மார்கழி கிடையாது.

ஊர்க் கல்யாணத்திலிருந்து மாநாடு, கண்காட்சி, இசை நிகழ்ச்சி, ஒலிம்பிக் போட்டி வரைக்கும் இந்தத் தொழிலின் அளவு மாறுகிறதே தவிர, கணக்கின் அமைப்பு மாறுவதில்லை. ஜவுளிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் தரலாம். நிகழ்ச்சித் தொழிலிலோ விற்கப்படுவது இன்னும் நடக்காத ஒன்று. டிக்கெட் வாங்குபவர், ஸ்டால் பிடிப்பவர், விளம்பரதாரர், கல்யாண வீட்டார் எல்லாரும் முதலில் பணம் கொடுக்கிறார்கள். அவர்கள் வாங்கியது பிறகுதான் வருகிறது. அந்த இடைக்காலத்தில் பணம் ஒருவர் கையில் இருக்கிறது, மற்றவரிடம் நம்பிக்கை மட்டும் இருக்கிறது.

இந்தச் சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து ஒன்றே. அந்த இடைக்காலத்தில் அமைப்பாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் இந்தத் தொழிலின் லாபம், நட்டம், மானம் மூன்றும் அடங்கியிருக்கின்றன. தேதி, விலை, காப்பீடு, வாசல், கூலி என எதைத் தொட்டாலும் பேச்சு அங்கேதான் வந்து சேர்கிறது.

தேதி

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. அந்த ஆண்டின் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. மறுநாளே உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, போட்டியை அங்கிருந்து விலக்கிக்கொண்டது. மார்ச் நடுவில் அது சென்னைக்கு வருவது உறுதியானது. தொடக்க விழா ஜூலை 28. பிற நாடுகள் ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்யும் ஒரு போட்டிக்குத் தமிழ்நாட்டின் கையில் இருந்தது நான்கரை மாதம்.

அரசு 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாமல்லபுரத்து விடுதி வளாகத்தில் ஏற்கெனவே இருந்த அரங்கு போதாமல், பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழுப்பப்பட்டது. பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் வந்தன. ஒலிம்பியாட் வரலாற்றில் அதுவரை அத்தனை அணிகள் கூடியதில்லை. விமான நிலைய வரவேற்பு, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தங்கும் அறைகள், பல நாட்டு நாக்குகளுக்கேற்ற சாப்பாடு, பேருந்து, மருத்துவம் எல்லாம் ஒரே சமயத்தில் தயாராக வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறிய நேப்பியர் பாலத்தைத்தான் ஊர் பேசியது. தொழில் தெரிந்தவர்கள் கவனித்தது வேறொன்றை. போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது, அதே அரங்கில் 1,400-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை உட்காரவைத்து ஒத்திகையாக ஒரு போட்டியே நடத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான மின்னணுப் பலகைகளும் இணைய இணைப்பும் ஏசியும் வாசல்களும் முழுப் பாரத்தைத் தாங்குமா என்பது விருந்தாளிகள் வருமுன்பே தெரிந்துவிட்டது.

தேதி நகராது என்று ஆனபின் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். திறப்பு விழா நாளில் தொடங்கி, அதற்கு முந்தைய நாள் என்ன முடிந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய வாரம் என்ன என்று இன்றைய நாள்வரை இறங்கி வர வேண்டும். அப்படி வரும்போது ஒத்திகைக்கு முதலிலேயே இடம் போட்டுவிட்டவர்களுக்குத்தான் கடைசியில் ஒத்திகை கிடைக்கும். முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு போகிறவர்களிடம் முதலில் காணாமல் போவது அதுதான்.

நேரம் போதாமல் போனால் எதை விடுவது என்ற கேள்விக்கு 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா ஒரு பதில் தந்தது. அனுமதி மறுக்கப்பட்டதால், ஏறத்தாழ ஒரு மாதம் மட்டுமே இருக்கும்போது விழா நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் ஊரிலிருந்த மேக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்துக்கு மாறியது. மேடையை முடிப்பதா, வேலியையும் டிக்கெட் வாசல்களையும் முடிப்பதா என்ற நிலை வந்தபோது அமைப்பாளர்கள் மேடையைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்கூட்டியே விற்றிருந்த டிக்கெட்டுகள் சுமார் 1,86,000. வந்து சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். விழா இலவசமானது, அமைப்பாளர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனில் நின்றார்கள். அவர்களை மெல்ல மெல்ல மீட்டது அங்கே எடுக்கப்பட்ட ஆவணப்படத்தின் வருமானம். கடன் அடைய ஏறக்குறையப் பத்தாண்டு ஆயிற்று. வேலியில்லாமல் அவர்கள் பணத்தை இழந்தார்கள். மேடையில்லாமல் அத்தனை லட்சம் பேரை அங்கே மூன்று நாள் வைத்திருந்தால் எதை இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

முன்பணம் யாருடையது?

2017 ஏப்ரல் இறுதியில் பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்ஸூமா தீவில் ஃபயர் திருவிழா நடப்பதாக அறிவிக்கப்பட்டது. புகழ்பெற்ற மாடல் அழகிகளின் சமூக ஊடகப் பதிவுகள் வழியாக டிக்கெட்டுகள் பறந்தன. ஆடம்பர வில்லாக்கள், பெயர்பெற்ற சமையற்கலைஞர்களின் உணவு என்று வாக்குறுதிகள் அடுக்கப்பட்டன. போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தவை பேரிடர் நிவாரணக் கூடாரங்களும், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சீஸ் வைத்த பொட்டலமும். விழா நடக்கவேயில்லை. அமைப்பாளர் பில்லி மெக்ஃபார்லண்ட் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018 அக்டோபரில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதை ஒரு மோசடிக்காரரின் கதை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதன் பணப்போக்கைப் பார்த்தால் தொழிலில் உள்ள பலருக்கும் அது பழக்கமானதாகவே இருக்கும். முதலில் வாங்கிய பணம் விளம்பரத்துக்குப் போயிற்று. அடுத்து வாங்கிய பணம் முந்தைய பாக்கியை அடைக்கப் போயிற்று. விழா நெருங்கியபோது, அங்கே ரொக்கம் செல்லாது, கைப்பட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று விருந்தினர்களிடம் மறுபடியும் கேட்டார்கள். நாளைய நிகழ்ச்சிக்கு வாங்கிய பணத்தில் நேற்றைய கடனை அடைக்கும் இந்தச் சுழற்சி, நல்ல நோக்கத்தோடு தொழிலுக்கு வந்த சிறு நிறுவனங்களிலும் நடக்கிறது. தையில் நடக்கவிருக்கும் கல்யாணத்தின் அட்வான்ஸில் கார்த்திகைக் கல்யாணத்தின் பாக்கியைக் கொடுப்பவர், ஒரு முகூர்த்தம் தவறினால் இரண்டு வீட்டாருக்கும் பதில் சொல்ல முடியாமல் போகிறார்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் கிடைக்கிறது. அதற்கு முன் 1976-இல் ஒலிம்பிக் போட்டியை நடத்திய கனடாவின் மான்ட்ரியல் நகரம், அந்தக் கடனை அடைத்து முடித்த ஆண்டு 2006. அந்தச் செலவைக் கண்ட நகரங்கள் ஒலிம்பிக் என்றாலே ஒதுங்கின. 1984-க்கு இறுதியில் களத்தில் நின்ற ஒரே நகரம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கேயும் மக்கள் தங்கள் வரிப்பணத்தை இதற்குச் செலவிடக்கூடாது என்று 1978-இல் வாக்களித்துவிட்டார்கள். பயண நிறுவனம் நடத்திவந்த பீட்டர் யூபராத் தலைமையில் ஒரு தனியார் குழு பொறுப்பேற்றது.

யூபராத் செய்தவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, கட்டடச் செலவைச் சுருக்கினார். 1932 ஒலிம்பிக் நடந்த அதே கொலீசியம் மைதானம் மறுபடியும் பயன்பட்டது. பல்கலைக்கழக விடுதிகள் வீரர்கள் தங்கும் கிராமங்களாயின. புதிதாகக் கட்டியவை மிகச் சில. நீச்சல் குளத்துக்கு மெக்டொனால்ட்ஸும், சைக்கிள் பந்தயத் தளத்துக்கு செவன்-லெவனும் பணம் கொடுத்தன. இரண்டாவது, விளம்பரதாரர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். மான்ட்ரியலில் 600-க்கும் மேற்பட்டவர்கள் சிறுசிறு தொகை கொடுத்திருந்தார்கள். யூபராத் முப்பத்துச் சொச்சம் நிறுவனங்களை மட்டும், ஒரு துறைக்கு ஒருவர் என்ற உறுதியோடு சேர்த்துக்கொண்டார். குறைந்தபட்சத் தொகை 40 லட்சம் டாலர். கோடாக் தயங்கியபோது அந்த இடத்தை ஜப்பானின் ஃபூஜி பிடித்துக்கொண்டது. மூன்றாவது, செலவு தொடங்குமுன்பே வரவை உறுதி செய்தார். தொலைக்காட்சி உரிமையை ஏபிசி நிறுவனத்துக்கு 22.5 கோடி டாலருக்கு விற்றார்.

போட்டி முடிந்து கணக்குப் பார்த்தபோது மீதம் 23.25 கோடி டாலர். அதில் ஒரு பகுதியிலிருந்து உருவான எல்ஏ84 அறக்கட்டளை, தெற்குக் கலிஃபோர்னியச் சிறுவர்களின் விளையாட்டுக்கு இன்றும் பணம் தருகிறது. வந்த பணத்தைக் கணக்கிட்டு, அதற்குள் செலவைக் கட்டியதால் அமைந்த மீதம் அது.

வராத ஆபத்துக்குக் கட்டிய பணம்

திறந்தவெளி நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு வானிலை அறிக்கை ஜாதகம் மாதிரி. 2020-இல் வந்ததோ எந்த வானிலை அறிக்கையும் சொல்லாத ஆபத்து. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. மண்டபங்கள் பூட்டப்பட்டன, பந்தல் சாமான்கள் கிடங்கில் முடங்கின. மேளக்காரர்களும் ஒலிபெருக்கிக்காரர்களும் ஆட்டோ ஓட்டவும் காய்கறி விற்கவும் போனார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று விம்பிள்டன் டென்னிஸ் போட்டி ரத்தானது. உலகப் போர்களுக்குப் பிறகு அது நின்றது அப்போதுதான். ஆனால் 2003-இல் சார்ஸ் நோய் பரவியதைக் கண்ட விம்பிள்டன் நிர்வாகம், தன் காப்பீட்டில் தொற்றுநோயையும் சேர்த்திருந்தது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியது, ஆண்டுதோறும் அது வீணானதுபோலத் தெரிந்தது. 2020-இல் கைக்கு வந்த இழப்பீடு பத்துக் கோடிப் பவுண்டுக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பணம் வந்ததும் நிர்வாகம் செய்தது அதைவிடப் போற்றத்தக்கது. ஆட வாய்ப்பிழந்த 620 வீரர்களுக்கு ஒரு கோடிப் பவுண்டைப் பகிர்ந்து கொடுத்தது.

நம் ஊர்ச் சிறு அமைப்பாளர்களால் அத்தகைய காப்பீடு எடுக்க முடியாது என்பது உண்மைதான். எடுக்கக்கூடிய வேறு காப்புகள் இருக்கின்றன. நிகழ்ச்சி தள்ளிப்போனால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் தமிழில் அச்சடிக்கலாம். மண்டபக்காரர், சமையல்காரர், அலங்காரக்காரர் ஆகியோரோடு போடும் ஒப்பந்தங்களில் அதே விதியை எழுதலாம். 2020-இல் அட்வான்ஸ் குறித்து ஊர்தோறும் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை, எழுத்தில் எதுவும் இல்லாததால் வந்தவை.

சோடா, கழிப்பறை, ஒரு ஷில்லிங்

நவீனக் கண்காட்சித் தொழிலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சி. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த இரும்பும் கண்ணாடியுமான பளிங்கு மாளிகையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வணிக மாணவர்கள் பார்க்க வேண்டியது அதன் நுழைவுக் கட்டணத்தை.

மே 1 அன்று திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் பருவச் சீட்டு வாங்கிய செல்வர்கள். அடுத்த இரு நாளும் கட்டணம் ஒரு பவுண்டு. பிறகு 5 ஷில்லிங். மே 26 முதல் திங்கள் தொடங்கி வியாழன் வரை ஒரே ஒரு ஷில்லிங். வெள்ளியும் சனியும் மட்டும் கூடுதல். ஒரே அரங்கத்தை, ஒரே பொருள்களை, கிழமைக்கு ஒரு விலை வைத்து விற்றார்கள். தொழிலாளர்களும் விவசாயிகளும் ரயிலேறி வந்தார்கள். தாமஸ் குக் ஒருவரே ஒன்றரை லட்சம் பேர்வரை அழைத்து வந்தார். அக்டோபரில் மூடும்வரை வந்த மொத்த வருகை சுமார் 60 லட்சம். விமானத்துக்கும் சினிமாவுக்கும் நாளுக்கொரு விலை இருப்பதை இன்றைய புத்தி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

மதுவுக்கு அங்கே அனுமதி இல்லை. குடிபான உரிமையை எடுத்த ஷ்வெப்ஸ் நிறுவனம் பத்து லட்சம் பாட்டிலுக்கு மேல் விற்றது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற துப்புரவுப் பொறியாளர் அமைத்த கழிப்பறைகளை ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். கூட்டம் வரும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் கடைசி நாள் ஏற்பாடு என்று நினைக்கிற நம் அமைப்பாளர்கள், 170 ஆண்டுக்கு முன்பே அது வரவுக் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை அறிய வேண்டும். அதிலும் பெண்கள் ஒரு நிகழ்ச்சிக்கு மறுமுறை வருவார்களா என்பதைக் கழிப்பறையின் நிலைதான் பல சமயம் முடிவு செய்கிறது.

வாசல்

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' குழுவின் இசை நிகழ்ச்சி. இருக்கை எண் கிடையாது, முதலில் போனவருக்கு முன்னிடம். வாசலில் பெருங்கூட்டம், திறந்திருந்த கதவுகளோ மிகக் குறைவு. உள்ளிருந்து கேட்ட சத்தத்தை வைத்து நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணிய கூட்டம் முன்னோக்கி அழுத்தியது. 11 பேர் இறந்தார்கள். அந்த நகரம் இருக்கை எண் இல்லாத முறையையே பல்லாண்டுக் காலம் தடை செய்தது.

கூட்ட நெரிசலை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் நான்கு காரணங்களைச் சொன்னார்: விசை, தகவல், இடம், நேரம். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்ற அளவை நெருங்கினால் கூட்டம் நீர்மம்போல ஓடத் தொடங்கும் என்பது அவருடைய கணிப்பு. அந்த நிலையில் தனி மனிதரின் கால் அவர் சொல்வதைக் கேட்காது. கூட்டம் வெறிபிடித்து ஓடியது என்று செய்தி எழுதுவோர் சொல்வதுண்டு. ஃப்ரூயினின் நான்கில் ஒன்றுகூடக் கூட்டத்தின் குணத்தைப் பற்றியதல்ல. நான்கும் அமைப்பாளரும் காவல்துறையும் நிர்வாகமும் முன்கூட்டியே கணக்கிட வேண்டியவை.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 1992 மகாமகத்தன்று கும்பகோணத்தில் பறிபோன உயிர்கள் நினைவில் உண்டு. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் பலர் திரும்பினார்கள். முதலமைச்சரின் வாகன அணியே போக்குவரத்தில் சிக்கியது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கானோர் கூடிய நாளில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேரும், அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேரும் மாண்டார்கள். கரூரில் இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த மேடையில் லாபம் நட்டம் பேசும்போது அவர்களை மறந்துவிட்டுப் பேச முடியாது.

வணிகக் கண்ணோடு பார்த்தாலும் வாசலே முதல் முதலீடு. ஒரு வாசலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேரைச் சோதித்து உள்ளே விட முடியும் என்று நின்று எண்ணிப் பார்த்தால், பத்தாயிரம் பேர் நுழைய எத்தனை வாசல், எத்தனை மணி நேரம் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்காக வந்துவிடும். அந்தக் கணக்கின் விடைதான் எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். பல இடங்களில் டிக்கெட்டை விற்று முடித்த பிறகு வாசலைத் தேடுகிறார்கள். வெளியேறும் வழி அதைவிட முக்கியம், ஏனென்றால் வருகிறவர்கள் சில மணி நேரமாகப் பிரிந்து வருகிறார்கள், போகும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள்.

காலி நாள்கள்

கணினித் துறையில் மூத்தவர்களுக்கு காம்டெக்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். ஷெல்டன் அடெல்சனும் கூட்டாளிகளும் 1979-இல் லாஸ் வேகாஸில் தொடங்கிய கணினி வணிகக் கண்காட்சி அது. தொண்ணூறுகளில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேரை ஈர்த்தது. அடெல்சன் ஒன்றைக் கவனித்தார். சூதாட நகரத்துக்கு வருகிறவர்கள் வார இறுதியில் வருகிறார்கள், வார நாள்களில் விடுதி அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கண்காட்சிக்கு வரும் வணிகர்களோ வார நாள்களில்தான் வருவார்கள். சாண்ட்ஸ் விடுதியை வாங்கினார். அதையொட்டி 1990-இல் பெரும் கண்காட்சி மையம் ஒன்றைத் திறந்தார். 1995-இல் காம்டெக்ஸை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு மேல் விற்று, அந்தப் பலத்தில் வெனிஷியன் விடுதியை எழுப்பினார். சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் அதே கணக்கின் தொடர்ச்சி.

விற்கப்பட்ட காம்டெக்ஸ் 2003-க்குப் பிறகு நடக்கவில்லை. தொழில்நுட்பத் துறையின் சரிவு ஒரு காரணம். இன்னொரு காரணம், ஸ்டால் போட்ட நிறுவனங்களுக்குச் செலவுக்கேற்ற வியாபாரம் கிடைக்காமல் போனது. கூட்டம் பெருகியதே தவிர, அதில் வாங்க வந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. ஐபிஎம் போன்ற பெரிய பெயர்கள் விலகியதும் மற்றவர்களும் விலகினார்கள். கண்காட்சி நடத்துபவருக்கு உண்மையான வாடிக்கையாளர் ஸ்டால் போட்டவர். அவர் மூட்டை கட்டும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தவறியவர்களுக்கு அடுத்த ஆண்டு அவர் கிடைப்பதில்லை.

காலி நாளை நிரப்பும் அடெல்சனின் கணக்கைச் சென்னை தன் வழியில் எப்போதோ கண்டுகொண்டது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழியில் கச்சேரி சீசன் வேரூன்றியது. கல்யாணமே இல்லாத அந்த மாதத்தில் பெயர்பெற்ற கல்யாணச் சமையல்காரர்கள் சபா கேன்டீன்களை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். கைவேலை தெரிந்த ஆள்களுக்கு அந்த மாதமும் சம்பளம் கிடைத்தது. கச்சேரி கேட்க வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிட்டுப் பார்த்து, தையில் நடக்கும் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கேயே பேசி முடித்தார்கள். நடக்காத ஒன்றை விற்கும் தொழிலில், வாங்குமுன் ருசி பார்க்க இப்படியொரு வாய்ப்பைக் கொடுத்தது பெரிய வணிக நுட்பம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாமல், விளம்பரத்திலேயே வருமானம் பார்த்தவர்கள் அவர்கள்.

கடைசி ஆளின் கூலி

ஃபயர் திருவிழாவில் ஏமாந்த பணக்கார இளைஞர்களைப் பற்றி உலகம் பேசியது. அந்தத் தீவில் இரவும் பகலும் கூடாரம் அடித்த கூலியாள்களுக்கும், சமைத்துப் போட்ட உள்ளூர் உணவகத்தாருக்கும் சம்பளம் வரவில்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. நிகழ்ச்சித் தொழிலில் பணம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. டிக்கெட் பணம் அமைப்பாளருக்கும், அவரிடமிருந்து மேலாண்மை நிறுவனத்துக்கும், அங்கிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கும், அவரிடமிருந்து பந்தல் உரிமையாளருக்கும், கடைசியாகக் கம்பம் நட்டவருக்கும் போகிறது. மேலே எங்கே அடைப்பு விழுந்தாலும் வறண்டு போவது கடைசி ஆளின் வீடு.

நம் கல்யாண வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சமையல் மாஸ்டருக்கும் மேளக்காரருக்கும் மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் தட்டில் வெற்றிலை பாக்கோடு பேசிய தொகையை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பெருநிறுவன நிகழ்ச்சிகளில் அதே வேலைக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று பில் தூங்குகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இலேயே, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தாமதித்தால் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தம், காலம் கடந்து தரும் அத்தகைய தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று இறுக்கியது. ஆனால் உத்யம் என்ற அந்தப் பதிவு இல்லாத பந்தல்காரருக்கு இந்தக் கதவு திறக்காது. இணையத்தில் செலவில்லாமல் செய்யக்கூடிய அந்தப் பதிவைச் செய்யாமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் ஒருவருக்குப் பதிவு செய்து கொடுக்கலாம்.

செய்யத்தக்கவை

1851 கண்காட்சியில் மிஞ்சிய 1,86,000 பவுண்டில் லண்டனின் தெற்குக் கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும், அறிவியல் அருங்காட்சியகமும், இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இன்று அங்கே நிற்கின்றன. எல்லா நிகழ்ச்சியும் அப்படி மிச்சம் வைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம்பிக் கொடுத்தவரின் பணத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும், தொழில் தானே வளரும். அதற்கு இங்கே மூன்று முன்மொழிவுகள் வைக்கப்படுகின்றன.

வீடு கட்டித் தருவதாகப் பணம் வாங்குவோர், அதில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் விதித்தது. அதுவும் இன்னும் எழும்பாத ஒன்றை விற்கும் தொழில்தான். பெரிய டிக்கெட் நிகழ்ச்சிகளுக்கும் அதேபோன்ற தனிக் கணக்கு விதி வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வங்கிக் கணக்கு என்று சிறு நிறுவனங்கள் இன்றே தொடங்கலாம்.

இரண்டாவதாக, அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு வாசல் கணக்கும் வெளியேறும் வழியின் வரைபடமும் தண்ணீர், கழிப்பறை எண்ணிக்கையும் இணைக்கப்பட வேண்டும். விற்கப்போகும் டிக்கெட்டின் உச்ச எண்ணிக்கை அந்தத் தாளிலிருந்து வர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது முன்மொழிவு இந்தக் கல்லூரிக்கு. வரும் கல்வியாண்டில் வணிகவியல் துறை மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரு பந்தல்காரர், ஒரு சமையல் மாஸ்டர், ஒரு மண்டபக்காரர் என்று தேர்ந்தெடுத்து, ஒரு நிகழ்ச்சியின் முழுப் பணக்கணக்கையும் எழுதி வாங்கலாம். அட்வான்ஸ் எப்போது வந்தது, எதற்குப் போயிற்று, மீதி எந்தத் தேதியில் கைக்கு வந்தது, கடைசி ஆளுக்கு எத்தனை நாள் கழித்துக் கூலி போயிற்று என்று பெயர் வெளியிடாமல் தொகுத்தால், இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் ஒரு பாடநூல் எழுதத் தேவையான அடிப்படைத் தரவு ஓராண்டில் சேர்ந்துவிடும். அதை அச்சிடும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்பது இங்கே பணிவோடு வைக்கப்படும் கோரிக்கை.